புல்லட்டில் நெடும்பயணம்: எத்தனை பல் ஸ்ப்ராக்கெட் போடுவது?

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 ஒன்றை வாங்கி, பெரிய டேங்க், இரண்டு பக்கமும் பெட்டி, அகலமான பின் டயர் என்று டூருக்குத் தயார் செய்கிறவர்களிடம் மெக்கானிக் சொல்லும் யோசனை அநேகமாக ஒன்றுதான்: "18 பல் போட்டுருவோம் சார், ஹைவேல வண்டி சும்மா போகும்." காலி வண்டி என்றால் போகும்தான். பெட்டியும் பின்னால் ஆளும் ஏறிய வண்டி வேறு வண்டி. அதற்குக் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் (பின் செயினை ஓட்டும் முன் பல்சக்கரத்தில்) எத்தனை பல் என்பதைக் காகிதமும் சாக்பீஸும் இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

இங்கே பேசுவது ஆல்பியன் என்ற பழைய 4 கியர் கியர்பாக்ஸ் உள்ள புல்லட்டைப் பற்றி. 2000-க்குப் பிறகு வந்த 5 கியர், யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) வண்டிகளுக்கு எண்கள் வேறு. கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

முதலில்: வேகம் எங்கெங்கே குறைகிறது

இன்ஜின் சுற்றுவது சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடங்களில் வேகம் குறைகிறது. குறையக் குறைய இழுவை கூடுகிறது.

ஒன்று, பிரைமரி. கிராங்க் முனையில் உள்ள இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டில் 25 பல், கிளட்ச்சைச் சுற்றியுள்ள ஸ்ப்ராக்கெட்டில் 56 பல். இரண்டையும் 3/8 அங்குல இரட்டைச் செயின் இணைக்கிறது. 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.24.

இரண்டு, கியர்பாக்ஸ். முதல் கியர் 2.78, இரண்டாவது 1.84, மூன்றாவது 1.36, டாப் 1.

மூன்று, பின் செயின். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் 16, 17 அல்லது 18 பல் இருக்கும். பின்னால் 38. இந்த 38 பல்லும் பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பாக வருவதால், மற்ற பைக்குகள் மாதிரி பின் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் கழற்றி மாற்ற வழி கிடையாது. புல்லட்டில் எல்லாரும் முன் ஸ்ப்ராக்கெட்டில் போய் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றையும் பெருக்கினால் மொத்த விகிதம். 17 பல் போட்ட வண்டிக்கு டாப்பில்: 2.24 × 1 × (38 ÷ 17) = 5.0. சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் ஐந்து முறை சுற்றுகிறது.

அடுத்து: இப்போது உள்ளே என்ன இருக்கிறது

பழைய வண்டியில் புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். முப்பது வருஷத்தில் யார் கை வைத்தார்களோ, என்ன மாற்றினார்களோ! எண்ணிப் பார்க்கலாம் என்றால் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆனால் எதையும் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு.

சாவியை எடுத்துவிட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். டாப் கியரில் போடுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒருவர் பின் சக்கரத்தை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்ற, இன்னொருவர் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொள்ளட்டும். பிஸ்டன் கம்ப்ரஷனுக்கு வரும்போதெல்லாம் காற்று விரலைத் தள்ளும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தள்ளல். சக்கரம் சரியாக 20 சுற்று சுற்றி முடிப்பதற்குள் எத்தனை தள்ளல் என்று எண்ணுங்கள்.

53 வந்தால் 16 பல். 50 வந்தால் 17. 47 வந்தால் 18. மூன்றிலும் சேராத எண் வந்து, மறுபடி எண்ணியும் அதே வந்தால், பிரைமரியில் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

சக்கரத்தின் சுற்றளவு

3.25-19 டயருக்குக் கணக்குப்படி சுற்றளவு ஏறக்குறைய 2.03 மீட்டர். 3.50-19 போட்டால் 2.07. இது டயரில் எழுதியிருக்கும் அளவை வைத்து வருவது. பாரம் ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கும், சுற்றளவும் குறையும். அதனால் பெட்டிகளை மாட்டி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, தரையிலும் டயரிலும் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி டேப்பால் அளந்துவிடுங்கள். கீழே 2.0 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன்.

அகலமான டயர் போட்டவர்கள் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். டயர் உயரம் கூடினாலே கியரிங்கும் உயர்ந்துவிடும், அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றுவது குறையும். 3.25-லிருந்து 3.50-க்குப் போனால் இரண்டு சதவீதம், அதாவது மூன்றில் ஒரு பல் கூட்டியதற்குச் சமம்.

கணக்கு

மணிக்கு 80 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,333 மீட்டர். 2 மீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 667 முறை சுற்றும். அதை மொத்த விகிதத்தால் பெருக்குங்கள். டாப் கியரில்:

16 பல்: விகிதம் 5.32, இன்ஜின் 3,547 சுற்று
17 பல்: விகிதம் 5.01, இன்ஜின் 3,338 சுற்று
18 பல்: விகிதம் 4.73, இன்ஜின் 3,153 சுற்று

ஒரு பல்லுக்கு ஆறு சதவீதம் மாறுகிறது. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் 350-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம்) 90 மி.மீ.; பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் 18 செ.மீ. ஓடுகிறது. 3,333 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 10 மீட்டர். பழைய நீள ஸ்ட்ரோக் இன்ஜினை நாள் முழுக்க ஓட்ட அதையே எல்லையாக வைத்துக்கொள்வது என் வழக்கம். 17 பல்லில் 80-இல் போனால் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறோம்.

அப்படியானால் 18 இன்னும் நல்லதில்லையா? எண்ணை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் டாப் கியரில் அந்த வேகத்தைப் பிடித்து வைக்க இன்ஜினுக்குத் திராணி வேண்டும். நாகர்கோவில் போகிற வழியில் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையுங்கள், ஆடிக் காற்று நெஞ்சில் அறையும்போது தெரியும். 18 பல் போட்டு, பெட்டியும் ஆளும் ஏற்றிய 350 அங்கே டாப்பில் மூச்சுத் திணறும். மூன்றாவதுக்கு இறக்கினால் இன்ஜின் வேகம் ஒரேயடியாக 36 சதவீதம் எகிறும். நாலு கியர் கியர்பாக்ஸில் இடைவெளி அவ்வளவு பெரியது. சுற்றைக் குறைக்க 18 போட்டு, நாள் முழுக்க மூன்றாவது கியரில் கதறவிட்டால் என்ன லாபம்?

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: போகிற வழியில் மிகக் கஷ்டமான இடம் எது? டாப் ஸ்பீடை மறந்துவிட்டு அந்த இடத்துக்குப் பல் போடுங்கள்.

நாலுவழிச் சாலையில் தனி ஆளாக, பாரம் குறைவாகப் போகிறவருக்கு 18 பொருந்தும். ஆளும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு சமவெளி, மலை இரண்டும் போகிறவருக்கு 17. பெரும்பாலான டூர் வண்டிகளுக்கு என் தேர்வு இதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி, வால்பாறையின் 40 கொண்டை ஊசி என்று மலையே வேலையாக இருந்தால் 16. இரண்டாவது கியரில் 25 கி.மீ. வேகத்தில் வளைவிலிருந்து வெளியே வரும்போது 18 பல்லில் இன்ஜின் 1,800 சுற்றில் திணறும். 16-இல் 2,040 இருக்கும். அந்த இடத்தில் 200 சுற்று பெரிய விஷயம்.

லடாக் போகிறவர்களுக்கு 16-க்கு மேல் யோசிக்கவே வேண்டாம். கர்துங் லா போல 5,300 மீட்டர் தாண்டிய கணவாயில் கடல்மட்டத்துக் காற்றில் பாதியை ஒட்டித்தான் இன்ஜினுக்குக் கிடைக்கிறது. காற்று பாதியானால் சக்தியும் ஏறக்குறைய பாதி. கீழே இருக்கும்போதே வண்டி கொஞ்சம் கத்துகிற மாதிரி இருந்தால்தான் மேலே இழுக்கும்.

பிரைமரியை மாற்றலாமா?

25 பல் இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டை எடுத்துவிட்டுப் பெரியது போட்டால் வேகம் கூடுமே என்று ஒரு பேச்சு உண்டு. கூடும். பிரைமரியில் மாற்றினாலும் பின் செயினில் மாற்றினாலும் சாலையில் வித்தியாசம் தெரியாது, இரண்டும் பெருக்கலில்தான் வருகின்றன. வித்தியாசமெல்லாம் உள்ளே இருக்கிறது.

கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பிரைமரிக்கு அப்புறம் வருகின்றன. இன்ஜின் 28 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தால் கிளட்ச் தாங்க வேண்டியது 28 × 2.24, ஏறக்குறைய 63. இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டை 28 பல் ஆக்கினால் விகிதம் 2.0, கிளட்ச் தாங்குவது 56 ஆகக் குறையும். கியர்களுக்கும் அதே அளவு சுமை குறையும், பதிலுக்கு எல்லாம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். கிக்கரும் கியர்பாக்ஸ் வழியாகத்தான் கிராங்கைத் திருப்புகிறது. அதனால் உதை இலேசாகும், ஆனால் ஒரு உதைக்கு இன்ஜின் சுற்றுவது குறையும்.

ஆக, பிரைமரியில் கைவைக்க ஒரே நியாயமான காரணம் கிளட்ச் நழுவுவது. 500 இன்ஜினை 87 மி.மீ. பிஸ்டன் போட்டு 535 சி.சி. ஆக்கியவர்கள், நல்ல பிளேட்டும் ஸ்பிரிங்கும் போட்ட பிறகும் நழுவினால் இதை யோசிக்கலாம். அப்போது முன்னால் 28, கியர்பாக்ஸில் 15 என்று போட்டால் மொத்தம் 5.07. பழைய 25-க்கும் 17-க்கும் கிடைத்த 5.01-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது, கிளட்ச்சுக்கு 11 சதவீதம் சுமை குறைகிறது. விலையும் உண்டு: 15 பல்லில் செயின் கூர்மையாக மடங்குவதால் சீக்கிரம் தேயும்.

இன்னொரு சிக்கல். புல்லட்டின் கியர்பாக்ஸ் இன்ஜினோடு போல்ட் போட்டுப் பிணைத்தது. அந்தக் காலத்து மற்றப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸைப் பின்னால் தள்ளிப் பிரைமரி செயினை இறுக்குவார்கள், இதில் முடியாது. மூன்று பல் கூட்டினால் ஒன்றரைக் கண்ணி நீளம் கூடுதலாக வேண்டும். செயினோ இரண்டு கண்ணியாகத்தான் நீளும். மிஞ்சுகிற 5 மி.மீ. தொய்வை உள்ளே செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒன்றே சமாளிக்க வேண்டும். இன்ஜினில் மாற்றம் செய்யாத ஸ்டாக் 350 வைத்திருக்கும் புதியவர் பிரைமரியைத் தொட எந்த அவசியமும் இல்லை.

மாட்டுவது

கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை மாற்றப் பிரைமரி முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதனால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடது கால்மிதியைக் கழற்றி, வழியில் இருப்பதை ஒதுக்கி, அடியில் தட்டு வைத்து, நடுவில் இருக்கும் ஒற்றை நட்டை எடுத்தால் வெளி மூடி வரும், எண்ணெயும் கொட்டும். ஆல்டர்னேட்டர் காயில், மேக்னட், பிறகு டென்ஷனர். இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டையும் கிளட்ச்சையும் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு, செயினோடு ஒன்றாக வெளியே இழுங்கள். பிரைமரி செயினில் பொதுவாகப் பிரித்து மாட்டும் லாக் இருக்காது, தனியாகக் கழற்ற வராது. திருப்புளி வைத்து நெம்பாதீர்கள், வார்ப்பு உடையும். உள் மூடியையும் எடுத்தால் ஸ்ப்ராக்கெட் தெரியும். பின் செயினை மாட்டியபடியே விட்டு, பிரேக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள, லாக் வாஷரை நிமிர்த்தி நட்டைத் தளர்த்துங்கள். மரை எந்தப் பக்கம் என்று மேனுவலில் பார்த்த பிறகே பலம் கொடுங்கள்.

பழைய ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தால் செயினும் தேய்ந்துவிட்டது. புது ஸ்ப்ராக்கெட்டில் தேய்ந்த செயினைப் போட்டால் அது புதியதையும் சேர்த்துத் தின்றுவிடும். செயின் நல்ல நிலையில் இருந்தால் ஒரு பல் கூட்டவோ குறைக்கவோ புதுச் செயின் வேண்டாம். சக்கரம் 4 மி.மீ. நகர்ந்தால் போதும், அட்ஜஸ்டரிலேயே சரியாகிவிடும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

மறுபடி பூட்டும்போது பிரைமரி செயின் நடுவில் மேலும் கீழுமாக 6 மி.மீ. ஆட வேண்டும். கிளட்ச்சைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவு இருக்கட்டும். மேக்னட்டுக்கும் காயிலுக்கும் நடுவே இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். உரசினால் காயில் போச்சு. புது எண்ணெய் ஊற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், அதன் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. பெட்டிகளை நிரப்பி, பின்னால் ஆளை ஏற்றி, பக்கத்தில் இருக்கும் நல்ல ஏற்றம் ஒன்றில் 60-இல் டாப் கியரில் ஏறிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருப்பியும் வேகம் இறங்கிக்கொண்டே போனால் ஒரு பல் குறைக்க வேண்டும். 200 கி.மீ. ஓடியதும் பின் செயினின் தொய்வை ஒருமுறை பார்த்து இறுக்கிவிடுங்கள்.