கை, கால், வாயில் கொப்புளம்: என்டெரோவைரஸ் வந்த குழந்தைக்கு வீட்டில் நடக்கும் தவறுகள்

பால்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போகிற பிள்ளை. இரண்டு நாள் லேசான காய்ச்சல். மூன்றாம் நாள் சோற்றைக் கிட்டே கொண்டுபோனாலே வாயை மூடிக்கொண்டு அழுகிறது. ஜொள்ளு நிற்காமல் வடிகிறது. உள்ளங்கை, உள்ளங்கால், முழங்கால், பிட்டம் என்று சிவப்புப் பொட்டுகள், சிலவற்றில் நீர் கோத்திருக்கிறது. கடலூரிலும் பாண்டியிலும் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பார்த்ததும் "அம்மா வந்திருக்கு" என்பார்கள். பெரும்பாலும் இது அம்மை இல்லை. கை, கால், வாய் நோய். 2022இல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பேசப்பட்டதும் இதுதான். தக்காளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காக்சாக்கி ஏ16, ஏ6, என்டெரோவைரஸ் ஏ71 ஆகிய வைரஸ்கள்தான் இதை அதிகம் உண்டாக்குகின்றன. மூன்றுமே என்டெரோவைரஸ் வகை. போலியோ வைரஸும் இதே குடும்பம்தான்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு முதல் பத்து நாளில் தானாகவே சரியாகிவிடும். அப்படியிருந்தும் சிலர் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வதற்கு முக்கியக் காரணம், எல்லார் கண்ணும் கொப்புளத்தின் மேலேயே இருப்பது. கொப்புளம் ஆபத்தில்லை. பிள்ளை எவ்வளவு குடித்தது, எத்தனை தடவை ஒன்னுக்குப் போனது, தூக்கத்தில் எப்படி இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சின்னம்மைப் பொட்டுகள் பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, தலை, முகத்தில் தொடங்கும், நன்றாக அரிக்கும், புதியதும் காய்ந்ததும் கலந்து நிற்கும். கை, கால், வாய் நோயில் உள்ளங்கையும் உள்ளங்காலும் வாயும்தான் முக்கிய இடங்கள். ஏ6 வகையில் மட்டும் கை முழுக்க, வாயைச் சுற்றி என்று பரவலாக வரும். அப்போது மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அம்மை என்று முடிவுகட்டிவிட்டால் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை குளியலும் கிடையாது, மருந்தும் கிடையாது என்றாகிவிடுகிறது. வேப்பிலையைப் படுக்கையில் வைப்பதால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடைந்த கொப்புளத்தில் பூசினால் புண் எரியும், கிருமியும் சேரும். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிப்பாட்டலாம். அண்ணனுக்கு அம்மைக்கு வாங்கிய அசைக்ளோவிர் மிச்சம் இருக்கிறதே என்று தம்பிக்குக் கொடுக்காதீர்கள். அது ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ்களுக்கான மருந்து; என்டெரோவைரஸை ஒன்றும் செய்யாது. ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு குடிப்பதில் நடக்கிறது. காய்ச்சல் என்பதால் சூடாகத்தான் கொடுக்க வேண்டும், ஜில்லென்று கொடுத்தால் ஜன்னி வரும் என்று சுடு கஞ்சியும் மிளகு ரசமும் ஊட்டுகிறார்கள். வாய் முழுக்கப் புண். சூடும் காரமும் புளிப்பும் பட்டால் எரிகிறது. இரண்டு தடவை எரிந்துவிட்டால் அதற்கப்புறம் தண்ணீர் டம்ளரைக் கண்டாலே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆரஞ்சு, எலுமிச்சை ஜூஸும் வேண்டாம். குளிர்ந்த பால், உப்பு குறைத்த புளிக்காத மோர், இளநீர், ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி, தயிர் சோற்றைக் குழைத்துக் கரைத்தது, ஐஸ்கிரீம்கூடக் கொடுக்கலாம். குளிர்ச்சி புண்ணை மரத்துப்போக வைக்கும். பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் திரவம் வேண்டும். ஒரே மூச்சில் ஒரு டம்ளரை நீட்டினால் நடக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, கொடுத்துக்கொண்டே இருந்தால் மணிக்கு 60 மில்லி உள்ளே போகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் இப்படிக் கொடுத்தால் தேவைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரம் கழித்து ஊட்டினால் வலி குறைந்திருக்கும். அப்போது இன்னும் நன்றாகக் குடிக்கும். ஓ.ஆர்.எஸ். கொடுப்பதாக இருந்தால் ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் கரையுங்கள். கண்ணளவில் கொஞ்சம் பொடியை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பு மிகுந்துவிடும், அது குழந்தைக்குக் கேடு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். எட்டு மணி நேரமாக ஒன்னுக்கு வரவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் உள்ளே போயிருக்கிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கிற கட்டம் முடிந்துவிட்டது.

பாராசிட்டமாலில் வயதைச் சொல்லி அளவு கேட்பது தவறு, எடைதான் கணக்கு. ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் போகாமல். குழப்பம் பாட்டிலில் இருக்கிறது. ஒரே மருந்து 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம், 5 மில்லியில் 250 மில்லிகிராம், ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள ட்ராப்ஸ் என்று வெவ்வேறு செறிவில் வருகிறது. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் கொடுக்க, 120 சிரப்பில் சுமார் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, ட்ராப்ஸில் ஒன்றரை மில்லி. போன தடவை 6 மில்லி கொடுத்தோமே என்று ட்ராப்ஸில் 6 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு ஆகிவிடும். சளி சிரப் சிலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும், லேபிளைப் படியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் டெங்குவும் கூடவே சுற்றும். அது இல்லை என்று தெரியும்வரை ஐபூப்ரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் சேர்ந்த சிரப்புகள் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைக்கு எப்போதுமே கூடாது.

வாய்ப்புண்ணுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஜெல்லிலும் கவனம் தேவை. கோலின் சாலிசிலேட் உள்ளது ஆஸ்பிரினுக்கு உறவு. லிக்னோகைன், பென்சோகைன் உள்ளவை இரண்டு வயதுக்குக் கீழே ஆபத்து. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனும் தடவக் கூடாது.

ஊசி போட்டால் சீக்கிரம் இறங்கும் என்று கேட்டு வாங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காய்ச்சலுக்கும் தடிப்புக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் ஏ71 தொற்று கடுமையாகும் வாய்ப்பு உண்டு. போலியோ தொற்று இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் அந்தக் கால் முடங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உறுதியான செய்தி. இந்தியா 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. ஆனாலும் 15 வயதுக்குட்பட்ட யாருக்காவது திடீரென்று கையோ காலோ தளர்ந்தால், அது போலியோவா என்று பார்க்க, இரண்டு மல மாதிரிகளை 24 மணி நேர இடைவெளியில், தளர்ந்த 14 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். "ஊசி போட்டதுல கால் வலிக்குது" என்று வீட்டில் நாளைக் கடத்தினால் அந்தக் கெடு போய்விடும்.

இனி, ராத்திரி என்றும் பார்க்காமல் 108ஐக் கூப்பிட வேண்டிய அடையாளங்கள். தூங்கும்போது பிள்ளை திடுக் திடுக்கென்று தூக்கிப்போடுகிறது. இது ஏ71 மூளைத்தண்டைத் தொட்டிருக்கலாம் என்பதன் முதல் குறி, பெற்றோர் பெரும்பாலும் 'பயந்துட்டான்' என்று மந்திரிக்கப் போகிறார்கள். நடக்கும்போது தள்ளாட்டம், விடாத வாந்தி, காய்ச்சல் இறங்காமலே உடம்பு சில்லிட்டு வியர்ப்பது, மூச்சு வேகமாக இழுப்பது, எழுப்பினாலும் எழாத அசதி, கழுத்து விறைப்பு, வலிப்பு. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் காட்டிவிடுங்கள். 1998இல் தைவானில் ஏ71 பரவியபோது 78 பேர் இறந்தார்கள். அது அரிது. ஆனால் நிலை மோசமாவது சில மணி நேரத்திலேயே. குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடமாகப் பார்த்துப் போக வேண்டும். பாண்டி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை அப்படிப்பட்டது. ஏ71க்குச் சீனாவில் தடுப்பூசி உண்டு, அது ஏ16ஐயும் ஏ6ஐயும் தடுக்காது.

பரவலைத் தடுக்க சானிடைசரை நம்புவது வீண். என்டெரோவைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹால் அதைச் சரியாக அழிக்காது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் 20 வினாடி. தரை, கழிவறை, பொம்மைகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்ததும் துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கழிவறை ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

பச்சைப் பிள்ளை மலம்தானே என்று வாசல் சாக்கடையில் கொட்டுவதும், டயாப்பரை வாய்க்காலில் எறிவதும் நம் தெருக்களில் சகஜம். கொப்புளம் ஆறி வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வந்துகொண்டே இருக்கும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பாண்டித் தெருக்களிலும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகியபோது கடலூர் வீடுகளுக்குள்ளும் வந்த தண்ணீர் அந்தச் சாக்கடைகளையும் அள்ளிக்கொண்டுதான் வந்தது. மலத்தைக் கழிவறையில் கொட்டுங்கள்.

காய்ச்சல் நின்று, ஜொள்ளு வடிவது நின்று, கொப்புளம் காய்ந்தால் பள்ளிக்கு அனுப்பலாம், பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். கைகழுவலை மட்டும் ஒரு மாதமாவது விடக் கூடாது. வீட்டில் பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசு இருந்தால் நோய் வந்த அண்ணன், அக்கா முத்தம் கொடுக்கக் கூட விடாதீர்கள். அந்த வயதில் சில என்டெரோவைரஸ்கள் கல்லீரலையும் இதயத்தையும் தாக்கும்.

எல்லாம் ஆறி ஒரு மாதம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு நகம் அடியிலிருந்து பிரிந்து கழன்று விழும். கால்சியம் குறைவு என்று டானிக் வாங்க ஓட வேண்டாம். வலிக்காது. அடியில் புது நகம் முளைத்துக்கொண்டிருக்கும். பிய்க்காமல், துணியில் மாட்டாதபடி நுனியை மட்டும் வெட்டிவிட்டால் போதும்.