அழுத்தமான பேஸ் தரும் இயர்போனைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் முறை

பேஸ் என்று நாம் குறிப்பிடுவது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளையே. இவற்றுள் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை அதிர்வாகவே அதிகம் உணரப்படுகின்றன. நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ் அளவில் இங்கேதான் இருக்கிறது. விலை குறைந்த இயர்போன்கள் பலவும் இந்த ஆழத்தை எட்டாமல், 100 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் தூக்கிக் கொடுத்துவிட்டு, பெட்டியின் மேல் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று அச்சிட்டுவிடுகின்றன. ஆழமும் தெளிவும் சேர்ந்த பேஸ் குறைந்த விலையிலும் கிடைக்கிறது என்பதால், இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டு வாங்குவது நல்லது.

படி 1: வகையை முடிவு செய்யுங்கள்

செலவைக் குறைக்க வேண்டுமென்றால், காதுத் துளைக்குள் பொருந்தும் இன்-இயர் வகையே முதல் தேர்வு. காதுக்குள் அடைபட்ட சிறிய காற்றுவெளியை அசைக்கச் சிறிய டிரைவரே (இயர்போனுக்குள் அதிர்ந்து ஒலியை உண்டாக்கும் பகுதி) போதும் என்பதால், குறைந்த விலையிலும் இவ்வகையில் ஆழமான பேஸ் கிடைத்துவிடுகிறது. காது மடலில் வெறுமனே தொங்கும் வகை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்து வெளியேறிவிடும். தலையில் அணியும் ஹெட்போன்தான் வேண்டும் என்றால், காதை முழுவதும் மூடுகிற, பின்புறம் அடைக்கப்பட்ட வகையைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி அணிபவர்கள் அதன் கம்பி குஷனுக்கு அடியில் இடைவெளி உண்டாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சிறிய இடைவெளியே பேஸைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

கம்பி உள்ளதா, புளூடூத்தா என்பது வசதியைப் பொறுத்தது. பேட்டரிக்கும் இணைப்புச் சில்லுக்கும் ஆகும் செலவு இல்லாததால், ஒரே விலையில் கம்பி வகையே பெரும்பாலும் மேலான ஒலியைத் தருகிறது என்பது என் கருத்து.

படி 2: பெட்டியில் உள்ள எண்களைப் படியுங்கள்

‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற வரியை நம்பி எதையும் வாங்க வேண்டாம். அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாதவரை அது எதையும் விளக்குவதில்லை. டிரைவரின் விட்டமும் அப்படியே; 10 மில்லிமீட்டர் டிரைவர் நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தால், மோசமாக வடிவமைக்கப்பட்ட 14 மில்லிமீட்டர் டிரைவரை எளிதில் மிஞ்சிவிடும். புளூடூத் பதிப்பு எண்ணுக்கும் பேஸுக்கும் தொடர்பே இல்லை. கம்பி வகையில் 16 முதல் 32 ஓம் வரையிலான மின்தடை இருந்தால், பெரும்பாலான கைப்பேசிகள் தனி ஆம்ப்ளிஃபையர் இன்றியே அதை இயக்கும்.

படி 3: பொருத்தத்தைச் சரிசெய்யுங்கள்

வாங்கிய இயர்போனில் பேஸ் இல்லை என்று சொல்பவர்களுள் பலருக்கு இயர்போனில் குறையே இருக்காது. காதும் இயர்டிப்பும் (காதுத் துளைக்குள் நுழையும் மென்மையான முனை) சேரும் இடத்தில் காற்று கசிந்துகொண்டிருக்கும். தாழ்ந்த ஒலிக்கு அடைப்பு கட்டாயம் தேவை. கசிவு ஏற்பட்டால் முதலில் மறைவது மிக ஆழமான பகுதிதான். குரலும் தாளத்தட்டின் ஒலியும் அப்படியே நிற்பதால், கருவியே தரமற்றது என்று தோன்றிவிடுகிறது.

பெட்டியில் வரும் மூன்று அளவு இயர்டிப்புகளையும் மாற்றிப் பாருங்கள். ஒரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று எதிர்ப்பக்கக் காது மடலை மெல்ல மேலும் பின்னும் இழுத்தபடி, மற்றொரு கையால் இயர்போனைச் சற்றே திருகிச் செருகுங்கள். பாட்டு எதுவும் ஓடாத நிலையில் பேசிப் பார்த்தால், உங்கள் குரல் தலைக்குள்ளேயே கனமாக ஒலிக்க வேண்டும். அப்படி ஒலித்தால் அடைப்பு சரியாக இருக்கிறது. இரண்டு காதுகளுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது முற்றிலும் இயல்பானது. அந்தச் சிலிக்கோன் டிப்புகளில் எதுவுமே நிற்கவில்லையென்றால், விரல்களால் அழுத்திச் செருகியதும் காதுக்குள் விரியும் ஃபோம் டிப்பை வாங்குங்கள். புதிய இயர்போனுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது.

படி 4: கேட்டுச் சோதியுங்கள்

நன்கு பழகிய பாடல்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆண் குரலும் பேஸ் கிதாரும் சேர்ந்து வர வேண்டும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே அமைவதால், அங்கே பேஸ் வீங்கியிருந்தால் குரல் மூடிய அறைக்குள்ளிருந்து வருவது போல் மங்கிவிடும். மற்றொன்றில் வேகமான டிரம் வேண்டும். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தொடங்கி முடிகிறதா, அல்லது ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிறதா என்று கவனியுங்கள். இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள், ஏனெனில் அளவு குறையும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளையே அதிகமாக இழக்கிறது. சற்றுச் சத்தமாக ஒலிப்பது எப்போதும் பேஸ் மிகுந்ததாகத் தோன்றும்.

அதே காரணத்தால்தான் பலரும் பேஸுக்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். பெரியவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒலி கூடக் கூட இந்த நேரம் வேகமாகச் சுருங்கும். தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

படி 5: ஈக்வலைசரைக் கடைசியில் தொடுங்கள்

அடைப்பு சரியான பிறகும் பேஸ் போதவில்லை என்றால், ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸ் பட்டையை 3 அல்லது 4 டெசிபெல் மட்டும் உயர்த்துங்கள். செயலியில் ஒட்டுமொத்த ஒலி அளவை மாற்றும் ப்ரீஆம்ப் இருந்தால் அதை அதே அளவு குறையுங்கள். அப்படிக் குறைக்காவிட்டால் டிரம் அடிக்கும்போது ஒலி கரகரக்கும். 250 ஹெர்ட்ஸ் பட்டையை உயர்த்த வேண்டாம். குரல் இன்னும் மங்கலாக இருந்தால் அதை 2 டெசிபெல் இறக்கிப் பாருங்கள்.