பிக்கப்பைத் தாழ்த்தி, பிளாஸ்டிக் ஓரங்களுக்கும் வண்டி நிறமே பூசுவது எப்படி?

பிக்கப்பைத் தாழ்த்த நினைப்பவர்கள் பெரும்பாலும் பெயிண்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். சஸ்பென்ஷன் வேலை முடிந்து, சக்கரம் எங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்த பிறகே பெயிண்டைத் தொட வேண்டும். டயர் முதலில் உரசுவது நாம் ஆசையாகப் பூசிய வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) ஓரத்தைத்தான்.

அதற்கும் முன்னால் அனுமதி. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. எனவே செய்யப்போகும் மாற்றத்தை எழுதி, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிட்டே பணம் செலவழியுங்கள்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் எடையைச் சுமப்பதோடு, ஆக்ஸிலை (சக்கர அச்சை) அதன் இடத்தில் பிடித்தும் வைத்திருக்கிறது. வண்டியைத் தாழ்த்த அதற்குப் பதிலாக வைக்கும், காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் உயரத்தை மாற்றும் காற்றுப் பையோ எடையை மட்டுமே தாங்கும். ஸ்பிரிங்கைக் கழற்றினால் ஆக்ஸிலைப் பிடிக்க இணைப்புக் கம்பிகள் கட்டாயம் வேண்டும்; மிகவும் தாழ்த்தினால் ஆக்ஸில் இடிக்காதபடி சேஸியை (வண்டியின் அடிச்சட்டத்தை) அரைவட்டமாக வெட்டி, பிளேட் வைத்துப் பலப்படுத்தவும் வேண்டும். இந்த வெல்டிங்கைப் புதியவர்கள் தாமே செய்யக் கூடாது. சில பிக்கப்புகளில் சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. வண்டி தாழ்ந்ததும் அது சுமை ஏறியதாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

காற்றுப் பைகளுக்கான கம்ப்ரஸர், டேங்க், குழாய்கள் பொருத்திய பின் ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இரவில் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, காலையில் மறுபடி அளந்தால் மெல்லிய கசிவும் தெரிந்துவிடும். சென்னைக் காற்றின் ஈரம் டேங்கில் தண்ணீராகத் தேங்குவதால் வடிகால் வால்வை அடிக்கடி திறந்துவிடுங்கள். வேகத்தடைகளைத் தட்டாமல் கடக்கும் உயரத்தையே ஓட்டும் உயரமாக வைத்து, அந்த உயரத்திலேயே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

இனி பெயிண்ட். பம்பர், வீல் ஆர்ச் ஓரம் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தில் பிளாஸ்டிக்கின் வகை அச்சிடப்பட்டிருக்கும். பாலிபுரோப்பிலீன் என்றால் அதற்கான பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் எந்த நிறமும் நிற்காது. அதை விட்டுவிட்டுப் பூசிய என் முதல் பம்பரில், ஒரு சிறு கல் பட்ட இடத்தை நகத்தால் நெருடியதும் பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. முதலில் மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்து, பிறகே உப்புத்தாள் போடுங்கள்; வரிசை மாறினால் அழுக்கைத்தான் உள்ளே தேய்ப்பீர்கள்.

வண்டியில் உள்ள நிறக் குறியீட்டின்படி கலந்த பெயிண்டும், வெயிலில் வெளுத்த பழைய உடலோடு அப்படியே பொருந்திவிடாது. ஓர் அட்டையில் பெயிண்டும் அதன்மேல் கிளியர் கோட்டும் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்துக் காயவைத்து, கதவருகே பிடித்து வெயிலிலும் நிழலிலும் ஒப்பிடுங்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு பழைய பம்பரை வாங்கி அதில் கை பழகுவது நல்லது. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான மாலையில் ஸ்ப்ரே செய்தால் பளபளப்பு பால்போல் மங்கும். வெயில் உள்ள முற்பகலுக்குக் காத்திருங்கள். நன்றாகக் காய்ந்த பின்பே ஓரங்களை வண்டியில் பொருத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, டயர் எங்கும் தொடவில்லை என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள்.