பெயருக்குப் பொருளும் எதுகையும் தேடுவது எப்படி? 'எழினி'யை வைத்து ஒரு செய்முறை

குழந்தையைத் தொட்டிலில் போடும் நாள் நெருங்கினால் இரண்டு தேவை வரும். பெயருக்குப் பொருள் தெரிய வேண்டும். அழைப்பிதழிலும் பேனரிலும் போட அந்தப் பெயரோடு ஒலி ஒத்த நாலு வரி வேண்டும். இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம். தருமபுரிப் பக்கம் இப்போது பலருக்குப் பிடித்திருக்கும் 'எழினி' என்ற பெயரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். உங்கள் பெயர் வேறென்றாலும் முறை இதுவே.

படி 1: அகராதிக்கு முன் பெரியவர்கள்

பெயர் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். குலதெய்வமா, தாத்தா பெயரா, ஊர்ப் பெயரா, புத்தகத்தில் பார்த்துப் பிடித்துப்போனதா? இதைக் கேட்காமல் அகராதிக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் 'மாது' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் ஆண். மாதையன், மாதேஷ் எல்லாம் மாதேஸ்வரன் மலைச் சாமியின் பெயர்வழி வந்தவை; மாது அதன் சுருக்கம். அகராதியில் தேடினால் 'மாது: பெண்' என்று வரும். அகராதி தப்பில்லை, சொல்தான் வேறு.

ஓசூர், சூளகிரி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பெயர் அந்த மொழியிலிருந்து வந்திருந்தால் அந்த மொழி அகராதியைத்தான் திறக்க வேண்டும்.

படி 2: அகராதியில் பொருள் பார்ப்பது

பெயர்ப் பட்டியல் தளங்களை நம்பாதீர்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று நகல் எடுத்தவை அவை. பாதிப் பெயருக்கு 'அழகு', மீதிக்கு 'அறிவு' என்று போட்டிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தற்காலத் தமிழ் அகராதிகள் நல்லவைதான், ஆனால் பெயர் வேலைக்கு ஆகாது. இன்று புழங்கும் சொல்தான் அவற்றில் இருக்கும். பெயர்களோ பழஞ்சொல்லில் நிற்பவை.

இனி எழினி. மூன்று சொற்களை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும்.

எழில் என்றால் அழகு. எழிலி என்றால் மேகம். 17-ஆவது குறளில் 'தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்' என்று வருவது இதுதான். எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று நாடக மேடைத் திரைகள் மூன்று சொல்லப்படுகின்றன. ஒருபக்கமிருந்து இழுப்பது, இருபக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது, மேலிருந்து இறங்குவது.

'திரைச்சீலையா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் ஊருக்கு இந்தப் பெயர் வேறு வழியாகவும் வருகிறது. தகடூர் என்பதுதான் தருமபுரியின் பழைய பெயர். தகடூரை ஆண்ட அதியமான் குடியில் எழினி என்பது வழங்கிய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. புறநானூறு 102-இல் ஔவையார் அவனைச் 'சேம அச்சு' என்கிறார். உப்பு ஏற்றிப்போகும் வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் எதுவும் நேரலாம் என்று உமணர் (உப்பு வணிகர்) கீழே கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சு அது. ஓர் இளைஞனைப் பற்றி இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. அழைப்பிதழில் பொருள் போட விரும்பினால் 'தகடூர் மன்னர் குடிப்பெயர்' என்று போடுங்கள். 'அழகானவள்' என்று போட்டால் அது எழிலின் பொருள்.

படி 3: எதுகைச் சொற்களைக் கையால் எடுப்பது

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் கடைசி ஒலி ஒத்தால் எதுகை என்று நினைத்துவிடுகிறோம். அதன் பெயர் இயைபு. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும், முதல் எழுத்து அளவில் ஒத்து வர வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்.

எழினியில் முதல் எழுத்து 'எ', குறில். இரண்டாவது 'ழி'. ஆகவே நமக்கு வேண்டியது 'குறில் + ழி' என்று தொடங்கும் சொற்கள். ஒரு தாளில் மேலே அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து பத்தி போடுங்கள். பக்கவாட்டில் வெறும் உயிர், பிறகு க, ச, த, ந, ப, ம, வ என்று எட்டு வரிசை. நாற்பது கட்டம். ஒவ்வொன்றிலும் 'ழி' சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதி காலியாகவே இருக்கும், பரவாயில்லை. ககர வரிசையில் கழி, கிழி, குழி, கொழி. சகரத்தில் சுழி, செழி. தகரத்தில் தொழில் ஒன்றுதான் உருப்படி. பகரத்தில் பழி, பிழி, பொழில். மகரத்தில் மழி, முழி, மொழி. வகரத்தில் வழி, விழி. உயிரில் அழி, இழி, ஒழி, எழில்.

இது போதாதென்றால் வருக்க எதுகைக்குப் போகலாம். மெய் அதேதான், உயிர் மட்டும் மாறும்: மழலை, குழல், நிழல், மழை, தழை, முழவு. காதுக்கு இதுவும் இனிக்கும்.

இங்கே ஒரு சிக்கல். 'எழினிக்கு யாழினி எதுகைதானே, அக்கா தங்கைக்கு வைக்கலாமே' என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அது இயைபு மட்டுமே. 'யா' நெடில், 'எ' குறில். யாழினிக்கு எதுகை வேண்டுமானால் ஆழி, தோழி, நாழி, வாழி என்று நெடில் பக்கம் போக வேண்டும்.

இரண்டாம் எழுத்து புள்ளி வைத்த மெய்யாக இருக்கும் பெயர்களுக்கு அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். கீர்த்தனா என்றால் 'ர்' மட்டும் ஒத்தால் ஒட்டாது. தீர்த்தம், மூர்த்தி, வார்த்தை, நேர்த்தி என்று 'ர்த்' முழுவதும் வந்தால்தான் காதில் விழும்.

படி 4: எக்செலில் தேடுவது (கட்டாயமில்லை)

பதினைந்து சொல் போதும் என்றால் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறைய வேண்டுமென்றால் இணையத்தில் இருக்கும் இலவச அகராதியான தமிழ் விக்சனரியின் தலைப்புச் சொற்களை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள், எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரியும். எக்செலில் 'டேட்டா' பகுதி வழியாக இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத் தலைப்புகளும் கலந்தே வரும். அகரவரிசையில் அடுக்கி அவற்றை நீக்கிவிடுங்கள்.

இயைபு எளிது. வடிகட்டியில் 'இதில் முடிவது' என்று எடுத்து 'னி' கொடுத்தால் கனி, பனி, இனி, நுனி, மேனி எல்லாம் வந்துவிடும்.

எதுகைதான் பாடுபடுத்தும். 'இதில் தொடங்குவது' என்று எடுத்து '?ழி' கொடுத்தால் வழி, பழி, கழி வரும். மொழியும் விழியும் வராது. கணினிக்கு 'வி' ஒரே எழுத்தில்லை. 'வ' ஒன்று, இகரக் குறி இன்னொன்று. கேள்விக்குறி ஒன்றைத்தான் பிடிக்கும். அதனால் '??ழி' என்று இரண்டாம் முறை தேட வேண்டும். அதில் தோழி, வாழி போன்ற நெடில்களும், மூன்றாம் எழுத்தில் 'ழி' வருபவையும் சேர்ந்து வரும். கண்ணால் பார்த்து ஒதுக்குங்கள்.

அப்படியும் 'மொழி' வரவில்லையா? ஒகரக் குறியைச் சில பழைய கோப்புகளில் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாக அடித்து வைத்திருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. '???ழி' என்று ஒருமுறை தேடினால் அதுவும் சிக்கும்.

கணினி ஒத்து வராதவர்களுக்கு 1732-இல் வீரமாமுனிவர் செய்து வைத்துப்போன வேலை இருக்கிறது. அவருடைய சதுரகராதியின் நான்காம் பகுதியான தொடையகராதி, எதுகைச் சொற்களைத் தேடுகிறவர்களுக்கென்றே ஆனது. பழைய பதிப்பு கிடைத்தால் ணை, லை, னை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். பத்துப் பக்கம் படித்தால் கண் பழகிவிடும்.

படி 5: களை எடுப்பது

ஒலி ஒத்ததெல்லாம் உதவாது. மேலே எடுத்ததில் அழி, பழி, இழி, ஒழி, கிழி, குழி ஆறையும் உடனே அடியுங்கள். 'சுழி' இரண்டுங்கெட்டான், 'சரியான சுழி' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும்தானே. 'முழி'யும் வேண்டாம். இயைபில் 'சனி'யை எடுத்துவிடுங்கள், விழாவுக்கு வந்த பெரியம்மா வருத்தப்படுவார்.

பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் என்ன சொல்லிக் கிண்டல் செய்வார்கள் என்பதும் இதே பட்டியலில் தெரிந்துவிடும். 'அதியன்' என்ற பெயரைப் பாருங்கள். மதியன் அழகு. பதியன் கூட இங்கே இனிய சொல், ரோஜாவும் மல்லிகையும் வைக்கிற வீட்டில் பதியன் தெரியாதவர் யார்? அடுத்தது ஒதியன். மரமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் ஒதி பெருத்தாலும் தூணாகாது என்பது ஊர்ப்பேச்சு. அதற்காகப் பெயரை மாற்றச் சொல்லவில்லை, தெரிந்து வையுங்கள்.

படி 6: நாலு வரி கட்டுவது

வரிக்கு நாலு சீர், அதாவது நாலு சொல் துண்டு. ஒவ்வொரு வரியின் முதல் சீரிலும் எதுகை. முதல் சீரும் மூன்றாம் சீரும் மோனை, அதாவது முதல் எழுத்து ஒத்து வருவது. கடைசியில் இயைபு. மோனையில் எகரத்துக்கு எ மட்டுமல்ல, இ, ஈ, ஏ மூன்றும் பொருந்தும். அதேபோல் ஒ-வுக்கு உ, ஊ, ஓ. உயிர்மெய்க்கும் இதே கணக்கு: மொ-வுக்கு மு, வி-க்கு வெ.

எழினி எங்கள் இல்லத்து ஒளியே
மொழியை மெல்ல முயலும் கிளியே
விழியில் மின்னும் வெள்ளித் துளியே
பொழிலின் நடுவே பூத்த களியே

கடைசி இயைபுக்கு 'னி'யையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. பெயர் வரியின் தொடக்கத்தில் வந்துவிட்டதால் முடிவில் நமக்கு வசதியான ஒலியை வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கடைசியில் வைத்தே தீர வேண்டுமென்றால் சொல்லை உடைத்துப் பயன்படுத்துங்கள். 'தமிழ் இனி', 'வாழி நீ' இரண்டும் எழினியோடு நன்றாக ஒட்டும். 'வாழி நீ' வாழ்த்தாகவும் ஆகிவிடுகிறது.

எழுதி முடித்ததும் வீட்டில் மூத்தவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ழகரத்தை ளகரமாகச் சொல்பவர் என்றால் 'எளினி, மொளி, விளி' என்றுதான் வரும். எதுகை அப்போதும் கெடாது, எல்லாமே சேர்ந்து மாறுகிறது. ஆனால் ழகரத்தையும் ளகரத்தையும் கலந்து எதுகை வைத்தால் தாளில் தப்பாகத் தெரியும்.

பின்சேர்க்கை: பேனர்க் கடை

ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருதான். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். வரிகளைப் படமாகவும் சேர்த்து அனுப்புங்கள். அச்சுக்குப் போகுமுன் மூன்று இடத்தை மட்டும் பாருங்கள்: 'மொ', 'பொ', 'வெ'.

பின்சேர்க்கை: ஆண் பெயரா, பெண் பெயரா?

சங்கப் பாட்டில் எழினி ஆண். இன்று இகரத்தில் முடிவதால் பெண் குழந்தைக்கும் வைக்கிறார்கள். இருவருக்கும் பொருந்தும்.

பின்சேர்க்கை: பிறப்புச் சான்றிதழ்

பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா, எல் போடுவதா என்று போகும் முன்பே முடிவு செய்து, தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் அங்கே காதில் விழுந்தது பதிவாகும். ஆதார், பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றிலும் அதே எழுத்துதான் தொடரும்.