உங்கள் வார்டின் சுகாதாரப் பணிகளை வகை பிரித்து ஒப்பிடுவது எப்படி?

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள். எங்கே சுகாதாரப் பணி ஒழுங்காக நடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு நோட்டு போதும். எக்செல் தெரிந்தால் இன்னும் வசதி.

படி 1: வேலையை எழுதுங்கள், பதவியை வேண்டாம்

செல்லூரில் கொசுப்புழு ஒழிப்பு மாநகராட்சி சுகாதாரப் பிரிவின் பொறுப்பு. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஊராட்சியும் ஆரம்ப சுகாதார நிலையமும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பதவிவாரியாகப் பட்டியல் போட்டால் இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது.

படி 2: ஐந்து கட்டம் போடுங்கள்

அமெரிக்காவில் 1988-ல் பொது சுகாதார வேலையை மூன்று அடிப்படைப் பணிகளாகப் பிரித்தார்கள். 1994-ல் அது பத்து சேவைகளாக விரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கண்காணிப்பு, தடுப்பு, சிகிச்சை, விழிப்புணர்வு, சட்ட நடவடிக்கை என ஐந்தே போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

எப்படிப் பிரிப்பது? கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு வீட்டுக்கு வருகிறார். தொட்டி, பழைய டயர், ஆட்டுக்கல் குழி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் புழு தேடுகிறார். இது கண்காணிப்பு. தொட்டியில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினால் தடுப்பு. "தண்ணிய மட்டும் கொட்டாதீங்கக்கா, உள்பக்கத்தத் தேய்ச்சுக் கழுவுங்க, முட்டை சுவத்துல ஒட்டியிருக்கும்" என்று சொன்னால் விழிப்புணர்வு. திரும்பத் திரும்பப் புழு இருந்து, பொது சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தால் சட்ட நடவடிக்கை. ஒரே வாசலில் நான்கு வகை! 'கொசுப் பணி' என்று ஒரே வரியில் எழுதினால் இதெல்லாம் மறைந்துவிடும்.

இதில் விழிப்புணர்வுக் கட்டத்தைக் கவனமாக நிரப்புங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டியின் காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் தாங்கும். வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் மருந்து ஊற்றிய பலன் நிலைக்காது.

படி 3: விகிதமாக்குங்கள்

உதாரணத்துக்கு, ஒரு வார்டில் 500 வீடு பார்த்ததில் 20 வீட்டில் புழு. இன்னொன்றில் 200 பார்த்ததில் 12. முதலாவது 4 சதவீதம், இரண்டாவது 6. எண்ணிக்கை குறைவாக இருக்கும் வார்டில்தான் நிலைமை மோசம். இந்தச் சதவீதத்துக்கு வீட்டுக் குறியீடு என்று பெயர். காய்ச்சல் எண்ணிக்கையில் இன்னொரு சிக்கல் உண்டு: நன்றாகத் தேடுகிற இடத்தில்தான் அதிகம் தெரியவரும். அதனால் காய்ச்சலை மட்டும் வைத்து எந்த வார்டையும் குறை சொல்லாதீர்கள்.

படி 4: ஜோடி சரியாக இருக்கட்டும்

மேலூரை உசிலம்பட்டியோடு வையுங்கள், மதுரை நகருக்குள் இருக்கும் சிம்மக்கல்லோடு வேண்டாம். மாதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐப்பசி மழைக் கணக்கைச் சித்திரை வெயிலோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

படி 5: காலிக் கட்டங்களுக்கு மனுப் போடுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் வேலை நடக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். எந்த வார்டு, எந்த மாதம் என்று குறிப்பிட்டு, மாதாந்திர அறிக்கையின் நகலைக் கேளுங்கள்.