எறும்புண்ணியை இனங்காணும் முறை: வாயிலிருந்து விட்டை வரை

எறும்பையும் கரையானையும் தின்று வாழும் விலங்கு என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது நீண்ட மூக்கும் அதைவிட நீண்ட நாக்கும்தான். அருங்காட்சியகத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு மண்டையோட்டைப் பார்க்கும்போதும், காட்டுப் பாதையோரம் கிளறிப் போட்ட புற்றைக் காணும்போதும் அந்த ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு சொன்னால் அடிக்கடி ஏமாற நேரும். கூரான நீண்ட முகம் உள்ளவை எல்லாம் எறும்பு தின்பதில்லை. எறும்பைத் தவிர வேறு எதையும் தொடாத ஆஸ்திரேலிய முட்பல்லிக்கோ முகமே குட்டையானது. ஆகவே எதை முதலில் பார்ப்பது, எதை எவ்வளவு நம்புவது என்ற வரிசை ஒன்று வேண்டும்.

அதற்கு முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விலங்கு எதைத் தின்கிறது என்பது ஒன்று. இது யாருக்கு உறவு என்பது இன்னொன்று. 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, பாலூட்டிகளில் மட்டும் இந்த உணவுப் பழக்கம் குறைந்தது 12 முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று கணக்கிட்டது. தென் அமெரிக்காவின் பெரும் எறும்புண்ணி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் செதில் போர்த்த அழுங்கு, முட்டையிடும் எக்கிட்னா ஆகிய மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றினாலும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு இல்லாதவை. ஒரே உணவு ஒரே விதமான உடலைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். உடலைப் பார்த்து முதல் கேள்விக்குத்தான் விடை தேட வேண்டும். இரண்டாவதைக் கடைசிக்கு ஒத்திவைப்பது நல்லது.

வாயிலிருந்து தொடங்குங்கள். மூக்கின் நீளத்தை விட்டுவிட்டு, வாய் எவ்வளவு அகலமாகத் திறக்க முடியும் என்று பாருங்கள். மெல்ல வேண்டிய தேவை இல்லாத விலங்குக்குத் தாடையை அகலத் திறக்கவும் வேண்டியதில்லை, இறுக்கிக் கடிக்கவும் வேண்டியதில்லை. பெரும் எறும்புண்ணியின் வாய்த் துளை அதன் உடலோடு ஒப்பிட்டால் வியக்கத்தக்க அளவு சிறியது. அதன் வழியாக ஏறத்தாழ 60 செ.மீ. நீளமுள்ள நாக்கு நிமிடத்துக்கு 150 முறை வரை வெளியே வந்து உள்ளே போகிறது. மண்டையோடு கையில் கிடைத்தால் கீழ்த்தாடையை முதலில் எடுங்கள். நாய், பூனை போன்றவற்றின் தாடையில் தசை பற்றிக்கொள்ள உயர்ந்து நிற்கும் எலும்புத் தகடு இருக்கும். எறும்புண்ணியிலும் அழுங்கிலும் அது தேய்ந்து, தாடையே இரண்டு மெல்லிய குச்சிகளைப் போல் ஆகியிருக்கும். கன்ன எலும்பின் வளைவும் இவற்றில் முழுமையாக இணையாமல் நடுவில் விட்டுப்போயிருக்கும். என் அனுபவத்தில் இந்த இரண்டும்தான் நம்பத் தகுந்த அடையாளங்கள்.

பல் இல்லாமையை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம். எறும்புண்ணி, அழுங்கு, எக்கிட்னா மூன்றுக்கும் பல் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் கரையானையே தின்று வாழும் நம்பட்டுக்கு ஐம்பதுக்கு அருகில் சின்னஞ்சிறு பற்கள் உண்டு. எறும்பும் கரையானும் தின்னும் தென் அமெரிக்கப் பெரும் ஆர்மடில்லோவுக்கோ 80 முதல் 100 வரை பற்கள் இருக்கும். ஆக, பற்களை எண்ணுவதைவிட அவற்றின் நிலையைப் பார்ப்பதே பயன் தரும்: அவை சிறுத்து, ஒரே மாதிரி முளைகளாக, ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தால் அந்த விலங்கு மெல்லுவதைக் கைவிட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் இதிலும் தனிப்பிறவி. மண்பன்றி என்ற பொருள் தரும் பெயர் கொண்ட இந்த விலங்கின் பற்களில் எனாமல் இல்லை. ஒவ்வொரு பல்லும் நெருக்கிக் கட்டிய நுண்குழாய்களால் ஆனது. அந்தப் பற்களாலேயே அறியப்படும் அதன் வரிசையில் (உயிரின வகைப்பாட்டில் குடும்பத்துக்கு மேலுள்ள பிரிவு) இன்று எஞ்சியிருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே. இந்தியத் துணைக்கண்டத்தின் தேன்கரடிக்கு மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் இருக்காது. அந்த இடைவெளியும், குவிந்து நீளும் உதடுகளும், மூடிக்கொள்ளும் நாசித் துளைகளும் சேர்ந்து அதன் வாயை ஓர் உறிஞ்சுகுழாயாக மாற்றிவிடுகின்றன. புற்றைத் தோண்டி, புழுதியை ஊதித் தள்ளிவிட்டு, கரையானை அது உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை முன்னங்கால்கள். புற்றை உடைக்கும் விலங்குக்கு முன்கால் எலும்பு குட்டையாகவும் தடித்தும் இருக்கும். நடுவிரல் நகம் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். பெரும் ஆர்மடில்லோவின் நடு நகம் 20 செ.மீ. வரை வளரக்கூடியது. இத்தனை பெரிய நகங்களை வைத்துக்கொண்டு நடப்பது எளிதன்று என்பதால், நடையிலும் அதன் விளைவு தெரியும். பெரும் எறும்புண்ணி நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு விரல்முட்டிகளை ஊன்றி நடக்கும். ஆப்பிரிக்கத் தரை அழுங்கு பெரும்பாலும் பின்னங்கால்களாலேயே நடந்து போகும். எக்கிட்னாவின் பின்கால் நகங்கள் பின்னோக்கித் திரும்பியவை; அதன் தடத்தை முதன்முறை பார்ப்பவர் அது எந்தப் பக்கம் போனது என்று குழம்புவது இயல்பு.

நகம் சிறிதாக இருக்கிறதே என்று பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாத இரண்டு விலங்குகள் உண்டு. ஒன்று நம்பட். அதற்குக் கெட்டியான புற்றை உடைக்கும் வலிமை இல்லை. மண்ணின் மேற்பரப்புக்கு அருகில் ஓடும் கரையான் பாதைகளைக் கிளறியே ஒரு நாளில் 20,000 கரையான் வரை தின்றுவிடும். மண் சூடேறிக் கரையான் மேலே வரும் நேரத்தையே நம்பியிருப்பதால் அது பகலில் நடமாடுகிறது. இன்னொன்று கழுதைப்புலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ட்வுல்ஃப். இது தோண்டுவதே இல்லை. இரவில் புல் அறுக்க வெளியே வரும் கரையான் கூட்டங்களைத் தரையிலிருந்து நக்கியே, ஓர் இரவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் உள்ளே தள்ளிவிடும். கோரைப் பற்கள் அப்படியே இருக்க, கடைவாய்ப் பற்கள் மட்டும் வெறும் முளைகளாகத் தேய்ந்துபோன ஒரு மண்டையோடு கிடைத்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். சண்டைக்கும் எல்லைக்காவலுக்கும் கோரைப் பல் தேவைப்பட்டது; சாப்பாட்டுக்குக் கடைவாய்ப் பல் தேவைப்படவில்லை.

விலங்கே கண்ணில் படாதபோது அது விட்டுப்போன பள்ளத்தைப் படிக்க வேண்டும். பெரும் எறும்புண்ணி ஒரு புற்றில் நிற்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. காவல் கரையான்கள் திரண்டு வருவதற்குள் அடுத்த புற்றுக்குப் போய்விடும். அதனால் அதன் தடயம் புற்றின் பக்கவாட்டில் ஒரு சிறு உடைப்பாகவே இருக்கும், புற்றும் பிழைத்துக்கொள்ளும். எக்கிட்னாவின் பள்ளத்தில் அடியில் மூக்கு நுழைந்த குழி தனியாகத் தெரியும். தேன்கரடி தோண்டிய இடமோ மண் நாலாபுறமும் சிதறி, ஒரு சண்டை நடந்த களம் போலக் காட்சி தரும். வளைகளை வைத்து மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்பார்கள். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் ஆர்ட்வார்க் வளை தோண்ட, வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றி குடிபுகும். வளையில் இருப்பவரும் வளையைத் தோண்டியவரும் ஒருவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி விட்டைதான். மற்ற அடையாளங்கள் எல்லாம் விலங்கு எதைத் தின்னக்கூடும் என்று சொல்கின்றன. இது ஒன்றுதான் எதைத் தின்றது என்று சொல்கிறது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, நன்கு காய்ந்த விட்டையில் ஒரு விரல்கணு அளவு மட்டும் எடுத்து, வெள்ளைக் கிண்ணத்தில் நீர் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அழுத்திப் பிசையக் கூடாது. காலையில் மெதுவாகக் கலக்கினால், எறும்புண்ணியின் விட்டையில் நிறைய இருக்கும் மண் அடியில் படியும். பூச்சிகளின் ஓட்டுத் துணுக்குகள் மேலே மிதக்கும். அவற்றைத் தூரிகை நுனியால் எடுத்து ஈரத்தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் பாருங்கள். கறுத்து மின்னும் உருண்டைத் தலைகளும், முழங்கை போல மடங்கிய உணர்கொம்புத் துண்டுகளும், ஒடுங்கிய இடைக் கணுக்களும் எறும்பினுடையவை. கரையான் தொழிலாளிகளின் உடல் மென்மையானது. குடலில் அது பெரும்பாலும் கரைந்துவிடும். எஞ்சுவது காவல் கரையானின் தலையும், அரிவாள் போல் வளைந்த அதன் கடிவாயும்தான். சில வகைகளில் காவல் கரையானின் தலை, நீர் ஊற்றும் மூக்கு வைத்த சிறு கெண்டியைப் போலவே இருக்கும். அந்த மூக்கு வழியாகத்தான் அது பிசுபிசுத்த நஞ்சைப் பீய்ச்சும். முதன்முறை ஒரு துளி நீருக்குள் இருபது முப்பது கெண்டிகள் மிதப்பதைக் காண்பவர் அதை எளிதில் மறக்க மாட்டார்.

எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வதும் முக்கியம். கரையான் மட்டும் தேடும் நம்பட்டின் விட்டையிலும் எறும்புத் தலைகள் கிடைக்கும். கரையானைக் கொள்ளையடிக்க வந்த எறும்புகள் நாக்கோடு ஒட்டிப்போனவை அவை. நூறு கரையான் தலைக்கு நாலைந்து எறும்புத் தலை என்றால் அது தற்செயல் என்று கொள்ள வேண்டும். பழ விதைகளும் சேர்ந்து கிடந்தால் தேன்கரடி போல் பலதும் தின்னும் விலங்கு நினைவுக்கு வரட்டும். ஆனால் விதையைக் கண்டவுடன் ஆர்ட்வார்க்கை விலக்கிவிட முடியாது: மண்ணுக்கடியில் காய்க்கும் ஒரு வகை வெள்ளரியை அது தோண்டித் தின்று, விதையைத் தன் விட்டையோடு புதைத்தும் விடுகிறது.

இறகும் செதிலும் உள்ளவற்றுக்கும் இதே முறை பொருந்தும். ஐரோப்பாவின் பச்சை மரங்கொத்தி விட்டுப்போகும் எச்சம் சிகரெட் சாம்பல் துண்டு போலிருக்கும். தொட்டால் உதிர்ந்து முழுக்க எறும்பு ஓட்டுத் துணுக்குகளாகிவிடும். வட அமெரிக்கக் கொம்புப் பல்லியில் பார்க்க வேண்டியது வாயை அல்ல, வயிற்றை. சத்துக் குறைந்த எறும்புகளை மொத்தமாக அடைத்து வைக்க இடம் வேண்டும் என்பதால் அதன் உடலே தட்டைப் பணியாரம் போல் அகன்றிருக்கிறது. கொட்டும் எறும்புகளைக் கோழையில் சுற்றி, மெல்லாமலே விழுங்கிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தடயம் தேடும்போது அழுங்கின் செதில் கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். 2016-இல் அழுங்கின் எட்டு இனங்களும் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்ட பட்டியலுக்கு மாற்றப்பட்டன. ஒற்றைச் செதிலைப் பையில் போட்டுக்கொள்வதும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

இவை எல்லாவற்றையும் குறித்த பிறகே இரண்டாவது கேள்விக்கு, அதாவது உறவுமுறைக்கு வர வேண்டும். அதில் நகமும் நாக்கும் தாடையும் உதவா, ஏனெனில் அவை உணவு செதுக்கித் தந்த உறுப்புகள்; முதுகெலும்பின் இணைப்புகள், காதெலும்பு, மரபணு போன்று உணவோடு தொடர்பில்லாத சான்றுகளைத் தேட வேண்டும். ஜெர்மனியின் மெசல் குழியில் கிடைத்த, ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டு பழைய யூரோதமாண்டுவா என்ற புதைபடிவம் 1981-இல் விவரிக்கப்பட்டபோது, தென் அமெரிக்காவுக்கு வெளியே கிடைத்த எறும்புண்ணி என்று கருதப்பட்டது. தென் அமெரிக்க எறும்புண்ணிகளின் முதுகெலும்பில் இருக்கும் கூடுதல் இணைப்புகள் அதில் இல்லை என்பதைப் பிறகு வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இன்று பலர் அதை அழுங்கின் பக்கத்தில்தான் வைக்கிறார்கள். பெயரில் மட்டும் இன்னும் தமாண்டுவா, அதாவது தென் அமெரிக்க எறும்புண்ணி ஒன்றின் பெயர், இருக்கிறது.