பழைய ரேடியோவுக்குக் காயலான் கடையில் பாகம் தேடும்போது

கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பலரும் செய்யும் முதல் தவறு, ஒற்றைப் பாகமாகக் கேட்பது. "அந்த ஐஎஃப்டியை மட்டும் கழட்டிக் குடுங்க" என்றால், அந்தச் சுருள் டப்பா (இடை அலைவரிசை டிரான்ஸ்ஃபார்மர்) கட்டரில் நறுக்கித்தான் கைக்கு வரும். கால் ஒடிந்திருக்கும், உள்ளே முடி மாதிரிக் கம்பி அறுந்திருக்கும். பெட்டி உடைந்த முழு செட்டாகவே வாங்குங்கள். டிரான்சிஸ்டர் செட்டின் குட்டி டப்பாக்களில் சிவப்புத் தலை ஆசிலேட்டர் காயில். மஞ்சள், வெள்ளை, கருப்பு மூன்றும் ஐஎஃப்டி. ஒவ்வொன்றையும் வெவ்வேறு செட்டிலிருந்து பொறுக்கினால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. டப்பாவுக்குள் திருகும் நடுத்துண்டை (கோர்) இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருகினால் விரிசல் விடும். பிளாஸ்டிக் குச்சி போதும்.

டிரான்சிஸ்டருக்கு முந்தைய செட்களின் கண்ணாடிக் குழாயான வால்வில் ஏமாறுவதுதான் அதிகம். கண்ணாடிக்குள் வெள்ளி பூசினது போலிருக்கும் திட்டு பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, தொடவே வேண்டாம். இஎல்84, இசிஎல்82, இசிஎச்81 எல்லாவற்றிலும் 4, 5 கால்களுக்கிடையே மீட்டர் வைத்தால் ஹீட்டர் (உள்ளே சூடேறும் இழை) அறுந்ததா என்று தெரியும். ஹீட்டர் எரிவதாலேயே வால்வு நல்லது என்று சொல்ல முடியாது. செட்டில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். எழுத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பெயரே அழிந்துவிடும். 6பிக்யூ5 என்று எழுதியிருந்தால் தள்ளிவைக்காதீர்கள், அதுவும் இஎல்84தான்.

வால்வுப் பெயரின் முதல் எழுத்தை அலட்சியம் செய்வது இன்னொரு வினை. யுசிஎல்82 கிடைக்கவில்லையென்று இசிஎல்82 போடுவார்கள். காலமைப்பு ஒன்றே, ஆனால் முன்னது 50 வோல்ட், 100 மில்லி ஆம்பியர், பின்னது 6.3 வோல்ட், 780 மில்லி ஆம்பியர். வரிசையாகக் (சீரியலில்) கோத்த ஹீட்டர்களில் இசிஎல்82 சூடே ஏறாது. அது எடுக்காமல் விட்ட வோல்டேஜ் மற்ற வால்வுகள் தலையில் விழுந்து அவற்றின் ஆயுளைக் குறைக்கும். இந்த ரக ஏசி/டிசி செட்டில் சேசிஸிலேயே (உலோக அடித்தட்டு) கரண்ட் இருக்கும், கவனம்.

மில் ஊர்களில் கிடந்த செட் என்றால் கேங் கண்டன்சர் (ஸ்டேஷன் பிடிக்கத் திருப்புவது) தகடுகளுக்கிடையே பஞ்சுத் தூசி அடைந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காயில் ஒயரைக் கழற்றி, மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து முழுச் சுற்றும் திருப்புங்கள். ஒயரைக் கழற்றாவிட்டால் காயில் வழியாகவே 'பீப்' அடித்துக் குழப்பும். திருப்பும்போது நடுவில் எங்கே அடித்தாலும் அங்கே தகடு உரசுகிறது. வேறு மாடல் கேங் போட்டால் கோவை வானொலி டயலில் 999-ல் நிற்காது. டிரிம்மரை (சரிசெய்யும் குட்டிக் கண்டன்சர்) திருகி டயலின் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை ஓடிவிடும்.

ஸ்பீக்கருக்கு முன்னால் வரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழையது தாராளமாக எடுக்கலாம், பிரைமரி (வால்வுப் பக்கச் சுற்று) சில நூறு ஓம் காட்டினால். அது அறுந்து ஓப்பனாக இருந்தால் ஆனோடுக்கு வோல்டேஜ் போகாமல் இஎல்84-ன் ஸ்க்ரீன் கிரிடு (உள்ளே உள்ள கம்பி வலை) சிவந்து பழுக்கும்.

பழைய ஃபில்டர் கண்டன்சரையும் பேப்பர் கண்டன்சரையும் மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவுட்புட் வால்வின் கிரிடுக்குப் போகும் 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டன்சர் கசிந்தால் வால்வு போச்சு. புதிதாக 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்கள்.

ஏஎஃப்114 முதல் 117 வரையிலான டிரான்சிஸ்டர்களில், பயன்படுத்தாமல் டப்பாவிலேயே கிடந்ததும் தப்பாது: உள்ளே தகர இழை வளர்ந்து கால்களை உறையோடு சேர்த்துவிடும். ஷீல்டு காலுக்கும் (உறையோடு இணைந்த நான்காவது கால்) மற்ற மூன்றுக்கும் தொடர்பு காட்டினால் விட்டுவிடுங்கள். அது சொந்த செட்டிலேயே இருந்தால் ஷீல்டு காலை வெட்டிப் பார்க்கலாம், சில சமயம் பேசும்.

பாகம் மாற்றிய செட்டை நேராகக் கரண்டில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பை சீரியலில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், எங்கோ ஷார்ட்.